ஆறாம் நம்பர் ஹேங் ஆயிடுச்சுணா

எங்கள் வீட்டுப் பிரிண்டர் என்னிடம் பாஸ்வேர்டு கேட்கிறது. அப்பாவின் நிலப் பத்திரத்தை ஸ்கேன் செய்து தம்பிக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் வேலை. மூடியைத் திறந்து காகிதத்தைக் குப்புற வைத்தாயிற்று. முதலில் செயலியை அப்டேட் செய் என்றது. செய்தேன். அப்புறம் லாகின் செய் என்றது. அதையும் செய்தேன். எல்லாம் முடிந்த பிறகு, நீல மை தீர்ந்துவிட்டது, புது கார்ட்ரிட்ஜ் போட்டால்தான் மேற்கொண்டு எதுவும் நடக்கும் என்று சட்டம் பேசியது. ஸ்கேன் எடுக்க மை எதற்கு? இதை யாரிடம் போய்க் கேட்பது? சேவை எண்ணுக்கு அடித்தால் தமிழுக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு இரண்டு என்று ஆரம்பித்து ஒன்பது வரை போய், மறுபடி முதலிலிருந்து வருகிறது. பத்திரத்தைச் செல்போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அன்றிலிருந்து பிரிண்டர் மேல் என் மனைவி மடித்த துணிகளை அடுக்கி வைக்கிறாள். வாங்கியதற்கு அந்த வேலையாவது நடக்கிறது.

அக்கா மகனுக்கு இதைவிடப் பெரிய வருத்தம். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவனுக்கு விளையாட அனுமதி. பல் தேய்த்த கையோடு வந்து உட்காருவான். அன்றைக்கென்று பார்த்து அப்டேட் வரும், நாற்பது ஜிபி. பாலக்கோட்டில் எங்கள் தெருவுக்கு வரும் இணைப்பில் அது இறங்கி முடிவதற்குள் மத்தியானச் சோறு ஆகிவிடும். முடிந்த பிறகு திரையில் ஒரு வரி: சர்வருடன் இணைக்க முடியவில்லை, பிறகு முயலவும். அவன் ஆடுவது தனியாள் விளையாட்டு. கூட ஆட ஒருவரும் இல்லை, எதிரியும் கம்ப்யூட்டர்தான். அதற்கும் எங்கோ கம்பெனி வைத்திருக்கும் ஒரு கம்ப்யூட்டர், அதுதான் சர்வர், தலையாட்ட வேண்டுமாம். "என்னா ப்ராப்ளம் மாமா?" என்று என்னைப் பார்க்கிறான். அவனைவிட எனக்கு ஒன்றும் அதிகமாகத் தெரியாது. வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது. ஒயர் சரி, மோடம் விளக்கு பச்சை, பில் கட்டியாயிற்று. கோளாறு எங்கே இருக்கிறது என்றே சொல்ல முடியவில்லை.

இதைப் படித்துவிட்டு, அந்தக் காலத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது என்று சொல்லப்போகிறான் என நினைத்துவிடாதீர்கள். அந்தக் காலத்தில் எதுவுமே ஒழுங்காக ஓடியதில்லை. 56 கே மோடம் என்று பெட்டி மேல் போட்டிருக்கும். அதன் முழு வேகத்தில் ஓடினாலே நொடிக்கு ஏழு கிலோபைட்தான். எங்கள் ஊர் லைனில் அதில் பாதி கிடைத்தால் நல்ல நாள். ஐந்து எம்பி பாட்டு ஒன்றை இறக்க இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். பத்தொன்பதாவது நிமிடத்தில் பெரியம்மா வீட்டிலிருந்து போன் வரும். அதோடு சரி, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மோடம் கத்துகிற கத்தலில் பக்கத்து வீட்டுக்குக்கூட நான் நெட்டில் உட்கார்ந்தது தெரிந்துவிடும்.

அதனால் விளையாட்டு என்றால் தர்மபுரிதான். பள்ளி விட்டு டவுன் பஸ் பிடித்து, பஸ் நிலையத்தில் இறங்கி நடந்தால் ஒரு மாடிப்படி. படியில் செருப்புகள். மேலே பிரவுசிங் சென்டர். இப்போதைய பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லே புரியவில்லை. பதினைந்து அங்குல டப்பா மானிட்டர்கள், பிளைவுட் தடுப்பு, ஒவ்வொன்றின் மேலும் பெயிண்டில் ஒரு நம்பர், வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் அண்ணன், அவர் முன்னால் ஒரு நீள நோட்டு. வந்த நேரம், போன நேரம், சிஸ்டம் நம்பர் எல்லாம் அதில்தான். மணிக்கு இருபது ரூபாய். கையில் பத்து ரூபாய் இருந்தால் அரை மணி. "இன்னும் அஞ்சு நிமிஷம் குடுங்கணா" என்று கெஞ்சினால், திட்டிக்கொண்டே பத்து நிமிடம் விடுவார்.

மவுஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்போது அடியில் ரப்பர் உருண்டை வைத்த மவுஸ். ஊர்த் தூசியும் கை வியர்வையும் சேர்ந்து உள்ளே கருப்பாக ஒரு அழுக்கு சுற்றிக்கொள்ளும். திரையில் அம்பு ஒரு பக்கம் போகும், இன்னொரு பக்கம் போகாது. துப்பாக்கியை எதிரி தலைக்குத் தூக்கினால் அவன் முழங்காலிலேயே நிற்கும். உடனே மவுஸைக் கவிழ்த்து, வட்ட மூடியை விரலால் திருகி எடுத்து, உருண்டையைச் சட்டையில் துடைத்து, உள்ளே இருக்கும் இரண்டு சின்ன உருளைகளின் மேல் நகத்தை வைத்துச் சுரண்டினால் அழுக்கு வளையமாக உரிந்து வரும். அதில் ஒரு தனிச் சுகம். வாயால் ஊதி, உருண்டையைப் போட்டு மூடினால் மவுஸ் புதிதாக ஓடும். ஏழாம் வகுப்புப் பையனுக்கும் இந்த வித்தை தெரியும், யாரும் சொல்லித் தந்ததில்லை. நம்மால் முடியாததற்கு ஒரே ஒரு கூப்பாடு: "அண்ணா, ஆறாம் நம்பர் ஹேங் ஆயிடுச்சுணா!" அவர் நாற்காலியை விட்டு எழாமல், "ரீஸ்டார்ட் பண்றா" என்பார். அதற்கும் மசியவில்லை என்றால் ஸ்குரூ டிரைவரோடு வருவார். ரேமை உருவி, தங்கநிறப் பல்லை அழி ரப்பரால் தேய்த்துச் சொருகுவார். பெரும்பாலும் சரியாகிவிடும்.

அங்கே ஆடியதில் பாதி, உண்மையில் ஆன்லைன் விளையாட்டே இல்லை. கவுண்டர் ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டைத்தான் சொல்கிறேன். ஹாஃப் லைஃப் என்ற விளையாட்டின் மேல் மின் லீ, ஜெஸ் கிளிஃப் என்ற இரண்டு இளைஞர்கள் 1999-இல் ஒட்டுப் போட்டுச் செய்தது அது. அடுத்த ஆண்டே ஹாஃப் லைஃபைச் செய்த வால்வ் நிறுவனம் அதைத் தன் பொருளாக வெளியிட்டது. நாங்கள் ஆடிய 1.6 பதிப்பு 2003-இல் வந்தது. அண்ணன் எங்கிருந்தோ ஒரு சிடியில் கொண்டுவந்து எல்லா சிஸ்டத்திலும் டி டிரைவில் போட்டு வைத்திருந்தார். எவனாவது ஒருவன் தன் சிஸ்டத்தில் நியூ கேம் போட்டால் அதுதான் சர்வர். மற்றவர்கள் லேன் பட்டியலில், அதாவது கடைக்குள்ளேயே ஒயரால் இணைந்த சிஸ்டங்களின் பட்டியலில், அவன் பெயரைத் தேடி உள்ளே போவோம். நெட் செத்துக் கிடந்தாலும் விளையாட்டு ஓடும். சிஸ்டங்களை இணைக்கும் ஹப்பில் விளக்கு எரிந்தால் போதும்.

சர்வர் போட்டவன்தான் அன்றைக்கு ராஜா. கட்டளை அடிக்கும் கன்சோலைத் திறந்து, ஈர்ப்பு விசைக்கான எஸ்வி கிராவிட்டி என்று அடித்து, வழக்கமான 800-ஐ 100 ஆக்கிவிடுவான். டஸ்ட் டூ மைதானத்தில் குதித்தவனெல்லாம் கூரை உயரத்தில் மிதப்பான். ஆரம்பப் பணம் 800 டாலருக்குப் பதில் 16,000 என்று வைத்தால், முதல் சுற்றிலேயே எல்லோர் கையிலும் ஏடபிள்யூபி என்ற விலை கூடிய துப்பாக்கி. சத்தம் தாங்காமல் அண்ணன் மேசையில் ஸ்கேலால் தட்டுவார். இன்று அக்கா மகனிடம், விதிகளை நாங்களே மாற்றி ஆடுவோம் என்றால், "ஹேக் பண்ணுவீங்களா மாமா?" என்கிறான். ஹேக் இல்லை கண்ணா, அந்த விளையாட்டு எங்களுடையதாக இருந்தது, அவ்வளவுதான்.

நிஜமான ஆன்லைன் என்றால் எனக்கு இரண்டுதான். ஒன்று, ரூன்ஸ்கேப். கேம்பிரிட்ஜ் ஆட்கள் 2001 ஜனவரியில் தொடங்கியது, பிரவுசரிலேயே ஓடும். கோழி அடிப்பது, மாட்டுத்தோல் உரிப்பது, மரம் வெட்டுவது, வெட்டிய மரத்தில் நெருப்பு மூட்டுவது. வீட்டில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டச் சொன்னால் முகம் சுளித்த நான், தர்மபுரி வரை பஸ் ஏறிப்போய்ப் பணம் கொடுத்து மாடு அடித்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு இது தெரிந்திருந்தால் விளக்குமாறு பேசியிருக்கும்.

எங்கள் லைனில் அது ஓடியதற்குக் காரணம் இருந்தது. ரூன்ஸ்கேப் சர்வர் 0.6 நொடிக்கு ஒருமுறைதான் கணக்குப் பார்க்கும். அந்த இடைவெளிக்குள் நீங்கள் எப்போது கிளிக் செய்தாலும் ஒன்றுதான். லண்டன் பையனின் கிளிக் முந்தி வந்தாலும் என் கிளிக் பிந்தி வந்தாலும் ஒரே வண்டியில்தான் ஏற வேண்டும். கவுண்டர் ஸ்ட்ரைக்கை நெட்டில் ஆடினால் அந்தச் சமத்துவம் கிடையாது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகும். சிங்கப்பூரில் சர்வர் என்றால் போகவர ஆறாயிரம் கிலோமீட்டர், அதற்கே முப்பது மில்லிநொடி. அதன்மேல் மோடம் தன் பங்குக்கு நூறுக்கு மேல் சேர்க்கும். நடுவில் எத்தனை கை மாறுகிறதோ அத்தனைக்கும் இன்னும் கொஞ்சம்.

இதைச் சமாளிக்க வால்வ் செய்த ஏற்பாட்டை அங்கே வேலை பார்த்த யான் பெர்னியர் 2001-இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். சுட்டவனின் தாமதத்தைக் கணக்கிட்டு, சர்வர் காலத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, அவன் சுட்ட நேரத்தில் அவன் கண்ணுக்கு எதிரி எங்கே தெரிந்தான் என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்லும். சுட்டவனுக்கு நியாயம்தான். சுடப்பட்டவனோ சுவருக்குப் பின்னால் போய் ஒளிந்த பிறகு செத்து விழுவான். "நான் மறைஞ்சுட்டேன்டா, எப்படிடா செத்தேன்!" என்று உலகம் முழுக்க எழுந்த புலம்பலுக்கு இதுதான் பின்னணி. இவ்வளவு வருடம் கழித்து அந்தக் காரணத்தைப் படித்தபோது, பழைய வழக்கில் தீர்ப்பு நகல் கைக்கு வந்த மாதிரி இருந்தது.

இரண்டாவது, டிராவியன். 2004-இல் ஜெர்மனியில் பிறந்தது. படம் அசையாது, சத்தம் வராது, வெறும் பக்கங்கள். ஆளுக்கு ஒரு கிராமம், அதைச் சுற்றிப் பதினெட்டு நிலம்: மரம் நான்கு, களிமண் நான்கு, இரும்பு நான்கு, கோதுமை ஆறு. படை பெருத்தால் கோதுமை போதாது, சிப்பாய்கள் பட்டினியில் செத்துப் போவார்கள். எதிரி படை கிளம்பினால் எத்தனை மணிக்கு வந்து சேரும் என்று நொடிக்கணக்கில் காட்டும். அவன் எப்போதும் நீங்கள் தூங்கும் நேரம் பார்த்துத்தான் அனுப்புவான்.

இதற்குள் வீட்டுக்கு பிராட்பேண்ட் வந்துவிட்டது. பிஎஸ்என்எல் 2005-இல் டேட்டாஒன் தொடங்கியது. 256 கேபிபிஎஸ் அன்றைக்கு ராக்கெட். ஹோம் 500 திட்டத்தில் இரவு 2 மணியிலிருந்து காலை 8 மணி வரை ஓட்டுவது மாத டேட்டாக் கணக்கில் சேராது. அதனால் ஒரு தலைமுறையே அலாரம் வைத்து ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்தது. கோதுமையை ஒளித்து வைத்து, படையை வேறு கிராமத்துக்கு அனுப்பிவிட்டு, கூட்டணியில் இருக்கும் கோவைக்காரனை யாஹூ மெசஞ்சரில் எழுப்பி விடுவேன். அப்பா தக்காளி லோடு ஏற்ற நாலு மணிக்கு எழுந்து வருவார். திரையைப் பார்ப்பார். "எவன் ஊட்டுக் கோதுமைடா இது? நம்ம தக்காளிக்கு ஒரு நாளாவது இப்படி எந்திரிச்சியா?" அவருக்குப் பதில் சொல்ல அன்றைக்கும் முடியவில்லை, இன்றைக்கும் முடியாது.

இதற்கு நடுவில் ஏழாம் எண் நெடுஞ்சாலையை நான்கு வழியாக்கினார்கள். ஜேசிபி தோண்டிய இடத்திலெல்லாம் போன் கேபிள் அறுந்தது. டயல் டோன் போய்விட்டால் நேராக லைன்மேன் அண்ணன் வீட்டுக்கே போய் நிற்போம். இடுப்பில் ஒரு டெஸ்ட் போனைச் சொருகிக்கொண்டு சைக்கிளில் வருவார். கம்பத்துப் பெட்டியைத் திறந்து, இரண்டு முள்ளை மாட்டி, "அலோ, அலோ" என்பார். பெட்டியில் டோன் இருந்தால் கோளாறு வீட்டுப் பக்கம், இல்லையென்றால் எக்ஸ்சேஞ்ச் பக்கம். பிள்ளைகள் நாங்கள் கம்பத்தடியில் நின்று அவர் முகத்தையே பார்ப்போம். சரியாக நான்கு நாள் ஆகலாம். ஆனால் எது கெட்டது, எங்கே கெட்டது, யார் சரி பண்ணுவார் என்று தெரியும். கரண்ட் கட்டும் அப்படித்தான். 2012 வாக்கில் சென்னைக்கு இரண்டு மணி நேரம், எங்களைப் போன்ற மாவட்டங்களுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலே. வெறுப்பாக இருந்தது, ஆனால் மர்மமாக இல்லை. சென்டரில் கரண்ட் போனால் எல்லோரும் சேர்ந்து "ஓ" என்று கத்துவோம். யுபிஎஸ் கீச்சிட்டுக்கொண்டே சாகும். அண்ணன் டார்ச் வெளிச்சத்தில் நோட்டில் மீதி நேரத்தைக் குறித்துவைப்பார். அடுத்த வாரம் போனாலும் அந்த நிமிடங்கள் நமக்குக் கிடைக்கும். இன்றைக்கு எந்தச் செயலி எனக்கு மீதி நிமிடத்தைக் குறித்துவைக்கிறது?

அப்புறம் நடந்ததை எல்லோரும் அறிவோம். 2011-இல் சைபர் கஃபேக்களுக்கு மத்திய அரசு விதிகள் போட்டது. அடையாள அட்டை கட்டாயம், பதிவேட்டை ஓராண்டு வைத்திருக்க வேண்டும், தடுப்பு நான்கரை அடிக்கு மேல் இருக்கக் கூடாது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து மிச்ச வேலையை முடித்தது. நெட் எல்லோர் சட்டைப்பையிலும் ஏறிய பிறகு மாடிப்படி ஏற யாருக்கு என்ன தேவை? 2018 ஜூலையில் யாஹூ மெசஞ்சர் போனது. 2020 கடைசியில் ஃபிளாஷ் என்ற மென்பொருள் போனது, அதோடு ஆயிரக்கணக்கான சின்னச்சின்ன பிரவுசர் விளையாட்டுகளும் ஓட வழியில்லாமல் நின்றன.

அண்ணன் கடையை மூடவில்லை. கீழ்த்தளத்துக்கு வந்துவிட்டார். ஜெராக்ஸ், லேமினேஷன், டிஎன்பிஎஸ்சி, நீட் விண்ணப்பம், பட்டா, சாதிச் சான்றுக்கு அப்ளை. தலை நரைத்துவிட்டது, மேசை அதேதான். போன மாதம் அந்தப் பத்திர விஷயமாக ஒழுங்கான ஸ்கேன் எடுக்கப் போனேன். எனக்கு முன்னால் ஒரு வயதான அம்மா நின்றார். ஏதோ பென்ஷன் காகிதம்.

"ஆயா, ஓடிபி வந்திருக்கும், சொல்லு."

"எனக்கு எங்க சாமி வருது. சின்னவன் நம்பர்தான் குடுத்திருக்குது. அவன் பெங்களூர்ல சென்ட்ரிங் வேலைக்குப் போயிருக்கான்."

அண்ணன் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பையன் சாரத்தின் மேல் நிற்கிறானோ என்னவோ. நான்காம் தடவை எடுத்தான், நம்பரைப் படித்துச் சொன்னான், அண்ணன் அடித்தார். நேரம் முடிந்துவிட்டது என்றது திரை. மறுபடி அனுப்பச் சொன்னார். பையன் மறுபடி எடுக்கவில்லை. ஒருவழியாக எல்லாம் கூடி வந்தபோது சர்வர் டவுன். அந்த அம்மா அண்ணனைத்தான் கோபித்துக்கொண்டார். "நீ சரியா அமுக்கலடா" என்று. ரேமை உருவித் தேய்த்து உயிர் கொடுத்த மனிதர், கீபோர்டில் எஃப் ஐந்தைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு அட்டையில் "சர்வர் வேலை செய்யவில்லை" என்று எழுதி நூல் கட்டித் தயாராகவே வைத்திருக்கிறார். தேவைப்படும்போது மாட்டுவது, அப்புறம் கழற்றுவது.

"இப்பல்லாம் என்கிட்ட ரிப்பேர் பண்ண ஒண்ணுமே இல்லடா," என்றார். "எல்லாம் எங்கயோ இருக்குது. ஜனம் வந்து நிக்கிறது மட்டும் இங்க."

அவர் சொன்னது விளையாட்டுக்கும் அப்படியே பொருந்தும். 2014-இல் யுபிசாஃப்ட் வெளியிட்ட தி க்ரூ என்ற கார் விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தனியாக ஓட்டினாலும் சர்வரோடு இணைந்தே இருக்க வேண்டும் என்று செய்யப்பட்டது. 2024 மார்ச் 31-இல் சர்வரை அணைத்தார்கள். காசு கொடுத்து வாங்கி அலமாரியில் வைத்திருந்த டிஸ்க் மறுநாள் காலை வெறும் பிளாஸ்டிக். அண்ணன் கொண்டுவந்த கவுண்டர் ஸ்ட்ரைக் சிடி இன்று கிடைத்தாலும், இரண்டு பழைய கம்ப்யூட்டரும் ஒரு ஒயரும் இருந்தால் ஓடும். எவனுடைய அனுமதியும் வேண்டாம். இத்தனை வருடத்தில் விளையாட்டுகள் கண்ணைப் பறிக்கும் அழகுக்கு வந்துவிட்டன, அதை மறுக்கவில்லை. அழகைக் கொடுத்துவிட்டு சாவியைக் கம்பெனி தன்னிடமே வைத்துக்கொண்டதில்தான் எனக்குச் சண்டை.

கம்பெனி மனது வைத்தால் முடியாததும் இல்லை. ரூன்ஸ்கேப்பைப் புதுப்பித்துப் புதுப்பித்துப் பழைய ஆட்களுக்கு அடையாளம் தெரியாமல் ஆக்கிவிட்டார்கள். 2013-இல் ஓட்டெடுப்பு வைத்தபோது நான்கரை லட்சத்துக்கு நெருக்கமான ஓட்டு, பழையதே வேண்டும் என்று. 2007 ஆகஸ்ட் மாத பேக்கப் ஒன்று கிடைத்திருக்கிறது. அதை வைத்து ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்று திறந்தார்கள், இன்றும் ஓடுகிறது. 0.6 நொடிக் கணக்கை அதிலும் மாற்றவில்லை.

தி க்ரூ மூடிய பிறகு ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் ஒரு இயக்கம் தொடங்கினார். விளையாட்டை மூடுவதென்றால் மூடு, ஆனால் வாங்கியவன் தன் வீட்டில் ஓட்டிக்கொள்ள வழி செய்துவிட்டுப் போ என்பதுதான் கோரிக்கை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அனுப்பிய மனுவில் 2025 ஜூலையில் பத்து லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. நமக்கு இங்கே ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் என்றால் ரம்மி, பணம், தற்கொலை என்றே பேச்சு. அது வேண்டிய சட்டம்தான், நம் பக்கத்து ஊர்களிலேயே குடும்பங்கள் நொறுங்கியிருக்கின்றன. ஆனால் விளையாட்டை வாங்கியவனுக்கு என்ன உரிமை என்ற கேள்வி இன்னும் வாசல் வரைகூட வரவில்லை.

ஸ்கேன் ஓடிக்கொண்டிருக்கும்போது இந்த மனு விஷயத்தை அண்ணனிடம் சொன்னேன். ஆர்வமாகத்தான் கேட்டார்.

"நல்ல காரியம்டா. எங்க போடணும் கையெழுத்து? அதுக்கும் ஓடிபி வருமா?"

"நாம போட முடியாதுணா. ஐரோப்பாக்காரங்க மட்டும்தான்."

"அது சரி," என்று என் பத்திரத்தைக் கையில் கொடுத்தார். "பத்து ரூபா எடு. அடுத்து யாரு? ஆதார் இருக்கா? லிங்க் பண்ண போனைக் கையோட கொண்டாந்திருக்கியா, ஊட்ல வெச்சிட்டு வந்திருக்கியா?"